பிரஷ் எங்கே படவில்லை என்று காட்டும் சிவப்பு மாத்திரை: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எட்டு மாதத்துக்கு முன்னால் இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. சின்ன வட்ட மாத்திரை, கருஞ்சிவப்பு நிறம். பல் தேய்த்து முடித்த பிறகு இதை மென்று, ஊறும் எச்சிலோடு சேர்த்து அரை நிமிடம் வாய் முழுக்கச் சுழற்றித் துப்ப வேண்டும். அப்புறம் ஒரே ஒரு வாய் தண்ணீர் விட்டுக் கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சுத்தமாக இருக்கிற பல் வெள்ளையாகவே இருக்கும். பிரஷ் படாத இடம் எல்லாம் பளீரென்று ரோஸ் நிறத்தில் தெரியும். பல்லில் படிந்திருக்கும் பாக்டீரியா படலத்தை எரித்ரோசின் என்கிற சாயம் பிடித்துக்கொள்வதால் வருகிற நிறம் அது. சில இனிப்புகளில் கலக்கிற அதே உணவுச் சாயம்தான். பல் டாக்டர்கள் அந்தப் படலத்தைப் பிளேக் என்பார்கள்.

நான் வாங்கிய கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, யார் தயாரித்தாலும் உள்ளே இருப்பது அநேகமாக இதே மாதிரிச் சாயம்தான். பத்து மாத்திரை உள்ள அட்டை. எங்கள் பக்கத்து மருந்துக் கடைகளில் கேட்டுப் பார்த்தேன், நான்கு கடையிலும் இல்லை, இரண்டு கடையில் என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை. கடைசியில் ஆன்லைனில்தான் கிடைத்தது.

ஏன் வாங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும். என் மகளுக்கு அப்போது ஐந்தரை வயது. சாப்பிடும்போது ஒரே பக்கமாக மெல்லுகிறாள் என்பதை மாமியார்தான் முதலில் கவனித்தார். திருச்சியில் ஒரு கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனோம், அங்கே வாயைத் திறக்கச் சொல்லி ஒரு தரம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பால்பல்தானே, விழுந்துவிடும், விடுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். நாங்களும் நம்பினோம். மூன்று மாதம் கழித்து ஒரு ராத்திரி கன்னம் வீங்கி, குழந்தை விடிய விடிய அழுதாள். பால்பல் விழுந்துவிடும் என்பது சரி, எந்தப் பல் எப்போது விழும் என்பதை யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். முன்பற்கள் ஆறேழு வயதில் விழும். பின்னால் இருக்கிற பால் கடைவாய்ப்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரைக்கும் இருந்து வேலை செய்ய வேண்டியவை. ஐந்து வயதில் சொத்தை விழுந்தால் இன்னும் ஐந்தாறு வருஷம் அந்தப் பல்லோடு குழந்தை சாப்பிட வேண்டும்.

இப்போது போகிற குழந்தைகள் பல் டாக்டரம்மா வேறு மாதிரி. எக்ஸ்ரே எடுத்தார், இரண்டு கடைவாய்ப்பற்களுக்கு நடுவில், வெளியில் இருந்து கண்ணுக்கே தெரியாத இடத்தில், சொத்தை உள்ளே நரம்பு வரைக்கும் போயிருந்ததைக் காட்டினார். சிகிச்சை முடிந்து ஸ்டீல் கேப் போட்ட பிறகுதான், ஒரு பஞ்சில் சாயத்தைத் தொட்டு மகளுடைய பற்களில் தடவிக் கண்ணாடியை அவள் கையிலேயே கொடுத்தார். அன்று காலையில் நான்தான் தேய்த்துவிட்டிருந்தேன். கீழ்க் கடைவாய்ப்பற்களின் உள்பக்கம், நாக்கு படுகிற பக்கம், ஈறு ஓரம் முழுக்கக் கோடு போட்ட மாதிரி சிவப்பு. என் மகள் கண்ணாடியை விடாமல் பார்த்துக்கொண்டே, "இதெல்லாம் பூச்சியா அம்மா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் புதிதில்லை. என் பாட்டி காலத்தில் சொத்தைப் பல்லில் பூச்சி இருக்கிறது என்று சொல்லி, கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டுப் புகை பிடிக்கச் சொல்வார்கள். உலகம் முழுக்கவே பல்லைப் புழு தின்னுகிறது என்ற எண்ணம் இருந்திருக்கிறது, பாபிலோனியக் களிமண் பலகையில்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். பூச்சி கிடையாது, ஆனால் உயிருள்ள ஒன்று அங்கே இருக்கிறது என்கிற மட்டில் அவர்கள் நினைத்தது சரிதான். டாக்டரம்மா மகளுக்குச் சொன்ன விளக்கம் எனக்கும் பிடித்துப்போய், வீட்டுக்கு வந்து நானும் நிறையப் படித்தேன்.

நம் வாயில் நூற்றுக்கணக்கான வகை பாக்டீரியா இருக்கின்றன. பெரும்பாலானவை தொந்தரவு செய்யாதவை. சொத்தை விஷயத்தில் அதிகம் பேசப்படுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924இல் லண்டனில் கிளார்க் என்கிற ஆராய்ச்சியாளர் சொத்தைப் பற்களில் இருந்து இதைப் பிரித்தெடுத்தார். உருண்டையாக இருக்க வேண்டியது நீள்வட்டமாகவும் தெரிந்ததால், உருமாறிய வகையோ என்று நினைத்து அந்தப் பெயரை வைத்தார். அப்புறம் நெடுங்காலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1954இல் அமெரிக்காவில் ஆர்லண்ட் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் பாக்டீரியாவே இல்லாத சூழலில் எலிகளை வளர்த்து, சர்க்கரை நிறைந்த தீனியைக் கொடுத்துப் பார்த்தார்கள், அந்த எலிகளுக்குச் சொத்தை வரவில்லை. சர்க்கரை மட்டும் இருந்தால் போதாது என்பது அதில் தெரிந்தது. 1960இல் கீஸ் என்பவர், சொத்தை வராத வெள்ளெலிகளைச் சொத்தை உள்ள வெள்ளெலிகளோடு ஒரே கூண்டில் விட்டார், அவற்றுக்கும் சொத்தை வந்துவிட்டது. அதாவது ஒட்டிக்கொள்கிற சமாச்சாரம்.

இந்த மியூட்டன்ஸ் சர்க்கரையை வைத்து இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, அதைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியே விடுகிறது, பல்லின் எனாமலைக் கரைப்பது அந்த அமிலம். இன்னொன்று, நாம் காபியில் போடுகிற அதே வெள்ளைச் சர்க்கரையில் இருந்து ஒரு பிசினைத் தயாரிக்கிறது. அந்தப் பிசின்தான் படலத்தைப் பல்லோடு இறுகப் பிடித்து வைக்கிறது. வாய் கொப்பளித்தால் போகாததற்கு இதுவே காரணம், தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். எனாமல் நம் உடம்பிலேயே கடினமான பொருள். ஆனாலும் படலத்துக்கு அடியில் பிஎச் அளவு (அமிலம் கூடக் கூட இந்த எண் குறையும்) சுமார் 5.5க்குக் கீழே போனால் கரைய ஆரம்பித்துவிடும். ஒரு தடவை இனிப்பு சாப்பிட்டால் சில நிமிஷத்திலேயே அந்த அளவுக்கு இறங்கி, எச்சில் அதைச் சரிசெய்து பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகிறது. இதைப் படித்தபோதுதான் எனக்கு எங்கே தப்பு நடந்தது என்று புரிந்தது. என் மகள் இனிப்பு அதிகம் சாப்பிடுகிறவள் இல்லை. ஆனால் பள்ளி விட்டு வந்ததில் இருந்து தூங்கும் வரைக்கும் ஒரு பிஸ்கட், கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, டிவி பார்க்கும்போது ஒரு கடலைமிட்டாய் என்று கொறித்துக்கொண்டே இருப்பாள், எச்சிலுக்கு ஓய்வே கிடைத்திருக்காது. கடைசியாகத் தூங்கும் முன் சத்துமாவுப் பொடி கலந்த பால், அதுவும் சர்க்கரையோடு. தூக்கத்தில் எச்சில் சுரப்பது ரொம்பக் குறைந்துவிடும்.

கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் போட்டால் பல்லுக்கு ஒன்றும் ஆகாது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், நம் வீடுகளில் பலரும் நினைக்கிறார்கள். இரண்டிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கிற அதே சுக்ரோஸ்தான். தேனில் வேறு வகைச் சர்க்கரை, அதையும் அமிலமாக்க இந்தப் பாக்டீரியாக்களுக்குத் தெரியும். குழந்தைக்குக் கொடுக்கிற இருமல் சிரப்பையும் மறந்துவிடாதீர்கள், பல சிரப்புகள் சர்க்கரைப் பாகுதான்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். முதல் அட்டை வந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீட்டில் எல்லாரும் பல் தேய்த்துவிட்டு ஆளுக்கு ஒன்று போட்டோம், மகளுக்கு மட்டும் பாதி. இரண்டு வயது மகனுக்குக் கொடுக்கவில்லை, மென்று துப்பத் தெரியாத வயதில் மாத்திரை கொடுக்கவே கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு டாக்டர்கள் திரவமாக இருக்கிற சாயத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவுவார்கள். சாயம் ஏதாவது ஒத்துக்கொள்ளாதவர்களும் தவிர்த்துவிடுங்கள்.

சில விஷயங்களை அட்டையில் போடவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். உதட்டில் முதலில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உதடும் சிவந்துவிடும். பழைய துண்டைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள், வெள்ளைச் சட்டையில் பட்டால் சுலபமாகப் போகாது. வாஷ்பேசினை உடனே கழுவிவிடுங்கள். நாக்கு சில மணி நேரம் ரோஸ் நிறமாகவே இருக்கும், அதனால் பள்ளிக்கூடம், ஆபீஸ் போகிற காலையில் வேண்டாம், ராத்திரிதான் சரி. ருசி மோசமில்லை, லேசாக இனிக்கும், அது சர்க்கரை இல்லாத இனிப்பு. அட்டையில் ஒரு வரி தமிழ் இல்லை என்பது எனக்குப் பெரிய குறை. மாமியார் மாதிரி ஒருவர் தனியாக வாங்கிப் பயன்படுத்த வழியே இல்லை. எங்களுக்கு வந்த இரண்டாவது அட்டையில் காலாவதித் தேதி அழிந்துபோய் இருந்தது, அதைத் திருப்பி அனுப்பி வேறு வாங்க வேண்டியதாயிற்று.

ஆளுக்கு ஆள் எங்கே சிவக்கிறது என்பதுதான் எனக்கு இந்த மாத்திரை கற்றுக்கொடுத்த பாடம். மகளுக்குக் கீழ்க் கடைவாய்ப்பற்களின் உள்பக்கமும், மேல் கடைவாய்ப்பற்களின் கன்னப்பக்கமும். அதைவிட முக்கியமாக, கடைசிப் பல்லுக்கும் பின்னால் ஈறைக் கிழித்துக்கொண்டு புதிதாக ஒன்று எட்டிப் பார்த்தது, அதன் தலை முழுக்கச் சிவப்பு. அங்கே ஒரு பல் முளைக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அது ஆறு வயதில் முளைக்கிற முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். எந்தப் பால்பல்லும் விழாமல் பின்னால் சத்தமில்லாமல் வருவதால், நிறையப் பெற்றோர் அதையும் பால்பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். முழுசாக வளர்ந்து மற்ற பற்களின் மட்டத்துக்கு வரும் வரை பிரஷ் அதன்மேல் படாமல் தாண்டிப் போய்விடும். புதிதாக வந்த எனாமல் இன்னும் முழுக்க இறுகியிருக்காது. குழந்தைகளின் நிரந்தரப் பற்களில் சொத்தை முதலில் பிடிப்பது பெரும்பாலும் இந்தப் பல்லில்தான். உங்கள் வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை இருந்தால் இன்றைக்கே வாயைத் திறக்கச் சொல்லிக் கடைசியில் பாருங்கள். பிரஷ்ஷை நேராக உள்ளே விடாமல், கன்னத்தின் ஓரமாகக் குறுக்கே வைத்துத் தேய்த்தால்தான் அது மாட்டும்.

என் வீட்டுக்காரருக்குப் பல் வெளிப்பக்கம் எல்லாம் நன்றாகவே இருந்தது, கீழ் முன்பற்களின் பின்பக்கமும் பல் இடுக்குகளும் மட்டும் அடர்த்தியான சிவப்பு. அவர் ஒரு மாதமாகக் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொப்பளித்துக்கொண்டிருந்தார். பாட்டிலில் போட்டிருக்கிற கிருமிக்கணக்கை நம்பிப் பிரஷ் பண்ணுவதை அவசரமாக முடிப்பார். படலம் அப்படியே இருந்தது, கூடவே பல்லில் பழுப்புக் கறையும் படிந்து, காபியின் ருசியும் மாறிவிட்டது என்றார். ஈறில் வைத்தியம் செய்த பிறகு சில நாளைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தால் அதைப் பயன்படுத்தலாம். தினமும் பிரஷ்ஷுக்குப் பதிலாக வைத்துக்கொள்கிற பொருள் அது கிடையாது. இப்போது அவர் ராத்திரியில் இடுக்குப் பிரஷ் போடுகிறார்.

மாமியாருக்கு அறுபத்தெட்டு வயது. அவருக்குத்தான் எனக்கு அதிகக் கவலை. ஈறு இறங்கிப் பல்லின் வேர்ப்பகுதி வெளியே தெரிகிறது. அந்தக் கழுத்துப் பகுதி எல்லாம் வட்டமாகச் சிவந்தது. சொத்தை குழந்தைகள் விவகாரம் என்று நினைக்கிறோம், வயதானவர்களுக்கு வேரில் வருகிற சொத்தை அதைவிடத் தந்திரமானது, ஏனென்றால் வேரின் மேல் எனாமல் கிடையாது, எனாமலைக் கரைக்கத் தேவையானதைவிட லேசான அமிலமே அதைக் கரைத்துவிடும். அங்கே மியூட்டன்ஸோடு ஆக்டினோமைசெஸ், லாக்டோபேசில்லஸ் மாதிரி வேறு பாக்டீரியாக்களும் சேர்ந்துகொள்கின்றன. அதோடு அவர் வருஷக்கணக்காகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், வாய் வறண்டுபோகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சில மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கும் என்பதும், எச்சில் குறைந்தால் அமிலத்தைச் சரிசெய்ய ஆளில்லை என்பதும் எனக்கு அப்போது தெரியாது. வறட்சிக்காக அவர் வாயில் ஒரு புளிப்பு மிட்டாயை அடக்கிக்கொள்வார், நாள் முழுக்க. அதை நிறுத்தி, தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்தோம். மாத்திரையை மாற்ற முடியுமா என்று அவருடைய டாக்டரிடம் கேட்டோம், அவராகவே நிறுத்தவில்லை, யாரும் அப்படி நிறுத்தக் கூடாது.

அவர் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். "ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு சும்மாவா சொன்னாங்க, நான் வேப்பங்குச்சியில தேய்ச்சுக் காட்டுறேன், அப்புறம் உன் மாத்திரையைப் போடு" என்றார். போட்டோம். உண்மையைச் சொல்ல வேண்டும், முன்பற்களின் வெளிப்பக்கம் பிரஷ்ஷுக்குச் சமமாகச் சுத்தமாக இருந்தது. குச்சி திரும்ப முடியாத உள்பக்கத்தில், பின்பற்களில், சிவப்பு அப்படியே இருந்தது. நல்லெண்ணெய் கொப்பளித்த நாளிலும் பார்த்தோம், எங்கள் வீட்டில் பார்த்த வரைக்கும் எண்ணெய் மட்டும் அந்தச் சிவப்பைக் குறைக்கவில்லை. அத்தை இப்போதும் காலையில் வேப்பங்குச்சிதான், ராத்திரி பிரஷ்ஷும் பேஸ்டும். அதில் எனக்கு முழுச் சம்மதம்.

பேஸ்ட் விஷயத்தை இங்கே எழுதாமல் போனால் மனசு கேட்காது. மகளுக்கு நான் மூன்று வருஷமாக வாங்கிக்கொண்டிருந்தது, முகப்பில் ஸ்ட்ராபெர்ரி படம் போட்ட குழந்தைகள் பேஸ்ட். பின்பக்கம் பொடி எழுத்தைத் திருப்பிப் பார்த்ததே இல்லை. ஃபுளோரைடு ஒரு துளிகூட இல்லாத பேஸ்ட் அது. விழுங்கினாலும் பயமில்லை என்று விற்பதால் நானும் அதுதான் நல்லது என்று எடுத்தேன். ஃபுளோரைடு என்ன செய்கிறது என்றால், அமிலத்தில் கரைந்துபோன தாதுக்கள் எச்சிலில் இருந்து மறுபடி பல்லில் படிய உதவுகிறது, அப்படிப் படிந்த இடம் முன்பைவிட அமிலத்தைத் தாங்கும். பாக்டீரியா அமிலம் தயாரிப்பதையும் கொஞ்சம் மந்தமாக்கும். நம் நாட்டில் பேஸ்டில் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) வரைதான் ஃபுளோரைடு சேர்க்கலாம். வேலை செய்கிற அளவும் ஏறக்குறைய அதுதான். அதனால் படத்தைப் பார்க்காமல் டியூபின் பின்பக்கத்தில் அந்த எண்ணைத் தேடுங்கள். 1000க்கு ரொம்பக் கீழே இருந்தாலோ, எண்ணே இல்லாவிட்டாலோ, சொத்தை வந்த பிள்ளைக்கு அது போதாது.

ஃபுளோரைடு என்றதும் நம் ஊரில் ஒரு பயம் இருக்கிறது, அந்தப் பயத்துக்கு நியாயமும் இருக்கிறது. என் சித்தி வீடு தருமபுரிப் பக்கம். அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், பல்லில் பழுப்புப் பட்டை விழுந்த முகங்களை நான் சின்ன வயதில் இருந்து பார்த்திருக்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். அந்தக் கறை, பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிற வயதில் வருஷக்கணக்காக அதிக ஃபுளோரைடு உள்ளே போவதால் வருவது. அதனால்தான் குழந்தைக்குப் பேஸ்டின் அளவு முக்கியம். மூன்று வயதுக்குள் ஒரு அரிசி மணி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு, விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷ் முழுக்க அலை அலையாகப் போட வேண்டாம். கிணறோ போர்வெல்லோ குடிக்கிற பகுதியில் இருப்பவர்கள் தண்ணீரைப் பரிசோதித்துவிட்டு டாக்டரிடம் கேளுங்கள், எங்களுக்குக் காவிரித் தண்ணீர் என்பதால் அந்தக் கேள்வி எழவில்லை. தேய்த்த பிறகு துப்பினால் போதும், தண்ணீர் விட்டு வழித்துக் கழுவினால் ஃபுளோரைடும் போய்விடும். இது பழகுவதற்கு எங்கள் வீட்டில் ஒரு மாதம் ஆனது. மாத்திரை போடுகிற ராத்திரி மட்டும் கொப்பளித்துவிட்டு, சிவப்பைத் தேய்த்தெடுக்கும்போது மறுபடி கொஞ்சம் பேஸ்ட் தொட்டுக்கொள்கிறோம்.

எச்சில் பகிர்வது பற்றிக் கேட்பீர்கள். மியூட்டன்ஸ் குழந்தை பிறக்கும்போது வாயில் குடியிருப்பது இல்லை, பெரும்பாலும் பல் முளைக்கத் தொடங்கியபின் வீட்டில் இருக்கிறவர்களிடம் இருந்து வருகிறது. அம்மாவிடம் இருக்கிற அதே வகை பிள்ளையிடமும் இருப்பதை ஆராய்ச்சிகளில் பார்த்திருக்கிறார்கள். நான் மகளுக்குப் பருப்புச் சாதத்தை என் வாயில் வைத்துச் சூடு பார்த்துத்தான் ஊட்டினேன், அதே வேளையில் என் வாயில் அடைக்காத சொத்தை இரண்டு இருந்தது. இதை டாக்டரம்மாவிடம் சொல்லி அழுதேவிட்டேன். அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது: "முத்தம் கொடுக்காம குழந்தை வளர்க்க முடியாது, உங்க பல்லை முதல்ல அடைச்சுக்குங்க, பிஸ்கட்டைக் குறைங்க, ராத்திரி நீங்களே தேய்ச்சு விடுங்க, பாக்டீரியா வந்தாலும் அதுக்குச் சாப்பாடு கிடைக்காம இருந்தா போதும்." மறுவாரமே என் இரண்டு பற்களையும் அடைத்துக்கொண்டேன். மகனுக்கு இப்போது ஊட்டும்போது கையில்தான் சூடு பார்க்கிறேன்.

மாத்திரை என்ன செய்யாது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இது சொத்தையைக் கண்டுபிடிக்காது. என் மகளுக்கு வந்த மாதிரி இரண்டு பல்லுக்கு நடுவில் இருப்பதை எக்ஸ்ரேதான் காட்டும். சிவந்த இடத்தில் இருப்பது மியூட்டன்ஸா, தொந்தரவில்லாத வேறு வகையா என்றும் இதற்குத் தெரியாது, எல்லாம் சேர்ந்த படலத்துக்குத்தான் நிறம் ஏறுகிறது. இரண்டு நிறம் காட்டுகிற வகையும் இருக்கிறது, புதுப் படலம் ரோஸாகவும் நாள்பட்டது நீலமாகவும் தெரியும், கொஞ்சம் விலை கூடுதல், இரண்டாவது தடவை நான் அதைத்தான் வாங்கினேன், எங்கே தினமும் விட்டுவிடுகிறோம் என்று அதில் நன்றாகப் புரிகிறது. பல்லின் மேல் உள்ள ஆழமான குழிக்குள் பிரஷ் முடி போகவே போகாது, அங்கே சிவந்தால் எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. அதற்கு மகளின் புதுக் கடைவாய்ப்பற்கள் முழுசாக மேலே வந்ததும் சீலண்ட் என்ற பூச்சு போட்டுக் குழியை மூடினோம், ஊசி இல்லை, வலி இல்லை, ஒரு பல்லுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இன்னொரு பால்பல்லில் ஆரம்பச் சொத்தைக்கு எஸ்டிஎஃப் என்ற வெள்ளி மருந்தைத் தடவினார். ஜப்பானில் ரொம்ப வருஷமாக இருக்கிற மருந்து, 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். சொத்தையில் இருக்கிற பாக்டீரியாவைக் கொன்று அந்த இடத்தை இறுகச் செய்கிறது, ஆனால் சொத்தை இருந்த இடம் கறுப்பாகிவிடும், நிரந்தரமாக. பின்பல் என்பதால் நாங்கள் யோசிக்காமல் ஒத்துக்கொண்டோம். துருதுருவென்று உட்காரவே மாட்டாத குழந்தைக்கு மெஷின் வைக்காமல் முடிந்தது பெரிய நிம்மதி.

செலவு யோசிப்பவர்களுக்கு ஒரு வழி: ஒரு துண்டு பச்சை பீட்ரூட்டை நன்றாக மென்று துப்பிப் பாருங்கள். மாத்திரை அளவுக்குத் தெளிவாகத் தெரியாது, சீக்கிரம் வெளுத்துவிடும், ஆனாலும் ஈறு ஓரத்துப் படலம் தெரியும். மகளின் ஒன்றாம் வகுப்புத் தோழிகள் வீட்டுக்கு வந்தபோது அவர்கள் அம்மாக்களிடம் கேட்டுவிட்டுப் பீட்ரூட்டில்தான் செய்து காட்டினோம்.

தினமும் போட வேண்டியதில்லை. முதல் மாதம் வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்றோ இரண்டோ. முதல் ராத்திரி மகளின் வாயில் பாதிக்கு மேல் சிவப்பு, போன மாதம் கீழ் வலதுபக்கக் கடைசிப் பல்லின் உள்ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று. ஆறு மாதப் பரிசோதனையில் புதுச் சொத்தை எதுவும் இல்லை. அதற்கு மாத்திரை மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன், பேஸ்ட் மாறியது, கொறிப்பது நின்று தின்பண்டம் சாப்பாட்டோடு சேர்ந்தது, ராத்திரிப் பால் சர்க்கரை இல்லாமல் பல் தேய்ப்பதற்கு முன்னால் போனது, எல்லாம் சேர்ந்துதான். மாத்திரை இல்லாவிட்டால் நான் இதில் எதையும் இவ்வளவு தீவிரமாக எடுத்திருக்க மாட்டேன், அதனால் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். ஒன்றைக் குறைத்தது தமிழில் ஒரு குறிப்புகூட இல்லாததற்கும், தேதி அழிந்த அட்டைக்கும். ஏழெட்டு வயது வரைக்கும் குழந்தை தானாகத் தேய்ப்பது போதாது, ராத்திரி ஒருவேளையாவது நாம் தேய்த்துவிட வேண்டும். அதற்குத் தினமும் நடந்த சண்டை இப்போது இல்லை, அவளே வாயைத் திறந்து, "இந்த ஓரம் விட்டுட்டீங்கம்மா" என்கிறாள்.

அட்டையில் இன்னும் மூன்று மாத்திரை மிச்சம் இருக்கிறது. வருகிற ஞாயிறு அத்தையின் முறை, மகள் இப்போதே கண்ணாடியையும் பழைய துண்டையும் எடுத்து வைத்துவிட்டாள்.